பதினெட்டு வினாடி

"'அன்றோடு நான் பியானோவை மூடிவிட்டேன். அது சரியான முடிவு.' எழுதிட்டியா?" என்று கட்டிலில் படுத்தபடி கேட்டான் கேஷா.

ஃபைனா எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போன ஆகஸ்டில் பக்கவாதம் வந்து புருஷனுடைய வலது கை விழுந்துபோனதிலிருந்து, ஓய்வூதிய அலுவலகத்துக் கடிதம் முதல் பிறந்தநாள் வாழ்த்து வரை எல்லாம் அவள் கையெழுத்துதான். இப்போது நூலகத்து இசை வட்டத்துக்கு ஒரு பேச்சு. பியானோக்காரர் வெரெய்ஸ்கி பிறந்து நூறு வருஷம் ஆகிறது. இசையமைப்பாளர் ஸ்க்ரியாபினின் இசையை அவர் வாசித்த விதத்தைப் பற்றி கேஷா எழுதிக் கொடுத்தால் போதும், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நானே படித்துவிடுகிறேன் என்று வட்டத்தின் செயலாளர் ரிம்மா சொல்லியிருந்தாள். காலை பத்து மணியிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். அடுப்பில் முட்டைக்கோஸ் சூப் இரண்டு தடவை பொங்கி வழிந்தாயிற்று. எழுந்து எழுந்து உட்கார்ந்ததில் ஃபைனாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று.

ஸ்க்ரியாபின் என்றால் கேஷாவுக்குப் பைத்தியம். கல்யாணமான புதிதில் ரீகா நகரத்துக்குப் போனபோது மூன்று நாளும் கடற்கரைப் பக்கமே எட்டிப் பார்க்காமல் பழைய இசைத்தட்டுக் கடைகளில் புரண்டவன் அவன். வீட்டில் போர்வை வைக்க இடமில்லை. தட்டுகளுக்கு மூன்று அலமாரி. ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துபோகிற ஒரே ஒரு இசைத்துண்டை மட்டும் பதினோரு பேர் வாசித்த தட்டுகளாக வைத்திருக்கிறான். சோஃப்ரோனித்ஸ்கி வாசித்தால் காய்ச்சல் வரும் என்பான். ஹோரோவித்ஸ் வாசித்தால் பயம் வருமாம். வெரெய்ஸ்கி வாசித்த தட்டில் ஓர் இடம் வரும். பதினெட்டு வினாடிதான். அந்த இடம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வான். வந்த விருந்தாளி வாயில் ரொட்டியோடு இருந்தால்கூட மெல்லக் கூடாது.

இசை வட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தட்டின் பெயர்ச்சீட்டை மறைத்துவிட்டு ஓட விடுவார்கள். வாசிப்பது யார் என்று சொல்ல வேண்டும். முப்பது வருஷத்தில் கேஷா ஒரு தடவைகூடத் தப்பாகச் சொன்னதில்லை. அந்தக் காதுக்காகவே வட்டத்தில் அவனுக்குத் தனி மரியாதை. வெரெய்ஸ்கியின் இந்தத் தட்டை ஒருநாள் அப்படிப் போட்டபோது எழுந்து நின்று, "மொதல்லயும் கடைசிலயும் வெரெய்ஸ்கி. நடுவுல மட்டும் அவர் இல்ல, கடவுள்!" என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். ஃபைனா தேநீர் கொண்டுவருகிறேன் என்று எழுந்து போய், அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

நடுவில் வாசித்தவன் கடவுள் இல்லை. கேஷாவேதான்.

எழுபத்தொன்றாம் வருஷம் அவள் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் நாடா வெட்டி ஒட்டுகிற வேலையில் இருந்தாள். வெரெய்ஸ்கி மாஸ்கோவிலிருந்து இரண்டு நாள் வந்து வாசித்துவிட்டு, உடம்புக்கு முடியாமல் திரும்பிப்போனார். மூன்றாம் வாரம் செத்தே போனார். அவர் ஊர் திரும்பிய மறுநாளே இயந்திரம் நாடாவைக் கடித்துக் கசக்கிவிட்டது. ஃபைனாதான் மாட்டினாள், கொஞ்சம் கோணலாக மாட்டிவிட்டாள். பதினெட்டு வினாடி போயிற்று. திங்கட்கிழமை மேலதிகாரி நாடா எங்கே என்று கேட்பார். சாகக் கிடக்கிற மனிதரைத் திரும்பக் கூப்பிட முடியுமா? அப்போதுதான் அந்த இன்னொரு நாடா நினைவுக்கு வந்தது. வெரெய்ஸ்கி வருவதற்கு முன் மைக் சரிபார்க்க யாராவது எதையாவது வாசிக்க வேண்டியிருந்தது. அவளைச் சாப்பிடக் கூட்டிப்போக வந்து நின்ற கேஷாவைப் பிடித்து உட்கார வைத்தார்கள். வெரெய்ஸ்கிக்காகப் பிரித்து வைத்திருந்த சுரத்தாளில் இருந்ததையே வாசித்தான். அதே பியானோ, அதே மைக், அதே நாள். பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினாள். 

தட்டு வெளியான அன்று கேஷா வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். கேட்டான். மறுபடி கேட்டான். பிறகு பியானோ மூடியை மெதுவாகச் சாத்திவிட்டு, "இந்த எடத்த இப்படி ஒருத்தன் வாசிச்சதுக்கு அப்பறம் நான் எதுக்கு?" என்றான். பியானோப் போட்டிக்குப் போட்டிருந்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு பாலே பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தான். முப்பத்தெட்டு வருஷம் குழந்தைகள் கால் தூக்க, ஒன்று இரண்டு மூன்று என்று வாசித்தான்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஆனால் சாப்பிட்டவள் அவள் ஒருத்தியே.

"என்ன, தூங்கிட்டியா? 'சரியான முடிவு'ன்னு எழுது," என்றான் கேஷா.

ஃபைனா பேனாவை மூடினாள். சொல்லாமல் இருந்துவிடலாம், இத்தனை வருஷம் இருக்கவில்லையா? ஆனால் இந்த வரியை இந்தக் கையால் எழுத அவளால் ஆகவில்லை. இன்னொரு தடவை ரத்தக்கொதிப்பு ஏறினால் தாங்காது என்று டாக்டர் சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. ஆனால் எல்லாவற்றையும்விடப் பெரிது அலுப்பு. நாற்பது வருஷமாக ஒரே பொய்யைத் தூக்கிச் சுமந்த அலுப்பு.

"கேஷா, அந்த எடத்த வாசிச்சது வெரெய்ஸ்கி இல்ல. நீ."

"சரிதான். நேத்து ஸ்டாலின் வந்து என்னோட டீ குடிச்சார். எழுதும்மா."

"மைக் டெஸ்டுக்கு உன்னை உக்கார வெச்சாங்களே, ஞாபகம் இருக்கா? நாடா கெட்டுப்போச்சு. நான்தான் உன்னோடத வெட்டி ஒட்டினேன்."

"யாருக்குக் காது குத்துற?" சிரித்தான். வாய் ஒரு பக்கமாகத்தான் சிரித்தது. "ஆறுதல் சொல்லணும்னா வேற ஏதாவது சொல்லு. எனக்குத் தெரியாத கையா? அதுவும் என் கை?"

"உன் கையைத்தான் நீ கேட்டதே இல்லையே. எப்ப கேட்ட? வாசிச்சுக்கிட்டே இருந்த. அந்த எடம் முடியறப்போ மூச்சப் புடிச்ச மாதிரி டக்குன்னு நிக்குமே, அதப் பத்தி நாலு பக்கம் சொன்னியே காலைல, அது என்னன்னு தெரியுமா? அங்க நீ திரும்பி, 'கேன்டீன் மூடிட்டாங்களா?'ன்னு கேட்ட. உன் குரல் விழறதுக்கு முன்னாடி வெட்டினேன். அதான் பதினெட்டு வினாடி."

கேஷா சிரிப்பதை நிறுத்தினான். வெந்நீர்க் குழாய் சுவருக்குள் இரண்டு தடவை தட்டிவிட்டு அடங்கியது. ஜன்னலுக்கு வெளியே மூன்று மணிக்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது.

"கோழி கேக்கணும்னு நெனச்சேன்," என்றான் கடைசியில். "அன்னிக்குக் கேன்டீன்ல கோழி போட்டிருந்தாங்க."

அவன் நம்பிவிட்டான் என்று ஃபைனாவுக்குத் தெரிந்தது.

"ஏன் சொல்லல?"

"வேலை போயிருக்கும். வேலைக்குன்னு குடுத்திருந்த அறையும் போயிருக்கும்."

"அது அப்போ. அப்பறம்?"

பொய் சொல்ல வாய் வரை வந்தது. விழுங்கினாள். "நீ நிறுத்தினது எனக்கு நிம்மதியா இருந்துச்சு, கேஷா. தெனமும் பத்து மணி நேரம் வாசிப்ப. சாப்பிடக் கூப்பிட்டா எரிஞ்சு விழுவ. ஒவ்வொரு போட்டிக்கும் முன்னாடி வாந்தி எடுப்ப. பாலே ஸ்கூல்ல சேந்ததும் மனுஷனா வீட்டுக்கு வந்த. ஞாயித்துக்கிழமை என்கூட நடந்து வந்த. எனக்கு அது புடிச்சிருந்துச்சு. அதான் சொல்லல."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். சூப் மூன்றாவது தடவை பொங்கியது. அவள் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"போடு அத," என்றான்.

தட்டை எடுத்து வைத்தாள். வெரெய்ஸ்கி வாசித்தார். அந்த இடம் வந்தது. கேஷா கண்ணை மூடவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கண்ணைத் திறந்துகொண்டு கேட்டான், பள்ளிக்கூடத்தில் பரீட்சைக்கு வந்த பிள்ளையைக் கேட்பதுபோல.

"எடு."

ஊசியைத் தூக்கினாள்.

"எடது கை முந்துது," என்றான். "மறுபடி போடு."

போட்டாள். பதினெட்டு வினாடி. "எடு. பெடல விடவே இல்ல பாரு, எல்லாம் கூழாப் போச்சு. மறுபடி."

"கேஷா, போதும். டாக்டர் என்ன சொன்னார்?"

"போடுங்கறேன்."

"இத்தன வருஷமா அதத்தான கடவுள்னு சொன்ன?"

"கடவுள்கிட்டத் தப்பு கண்டுபிடிக்க முடியாது. எங்கிட்ட முடியுது." அவனுடைய கண்களிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது, துடைக்க எழாத வலது கை போர்வை மேலேயே கிடந்தது. "நல்லாத்தான் வாசிச்சிருக்கேன், ஃபைனா. இன்னும் பத்து வருஷம் வாசிச்சிருந்தா பெடல் சரியாயிருக்கும்."

அவள் கைக்குட்டையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவன் தலையை விலக்கிக்கொள்ளவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

தொலைபேசி அடித்தது. ரிம்மாவாகத்தான் இருக்கும், பேச்சு முடிந்ததா என்று கேட்பாள். இருவரும் அசையவில்லை. அடித்து அடித்து அது நின்றது.

"மறுபடி," என்றான் கேஷா.

ஃபைனா எத்தனை தடவை போட்டாள் என்று எண்ணவில்லை. உட்கார்ந்தால் ஊசி எட்டாது. நின்றால் இடுப்பு தாங்கவில்லை. அலமாரியில் முழங்கையை ஊன்றிக்கொண்டு குனிந்தே நின்றாள். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் முடிந்து வெரெய்ஸ்கி தொடங்குவதற்கு முன் "எடு" என்றான். அவரை அவன் கேட்க விரும்பவில்லை. எடுத்தாள், வைத்தாள், எடுத்தாள். கேஷாவின் நல்ல கை போர்வை மேல் அசையத் தொடங்கியது. இடது விரல்கள் வலது கையின் சுரங்களைத் தேடித் தேடி அழுத்தின. அறை இருட்டிவிட்டது. விளக்கைப் போட நகர்ந்தால் ஊசி தப்பிவிடும் என்று அப்படியே நின்றாள்.

பிறகு ஒரு தடவை அந்த இடம் முடிந்தும் அவன் "எடு" என்று சொல்லவில்லை. வெட்டு எங்கே இருக்கிறது என்று உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவளாகவே எடுத்தாள். ஊசியைத் தட்டுக்கு ஒரு விரல் உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கட்டில் பக்கம் திரும்பி, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்து நின்றாள். கீழே தட்டு சுற்றிக்கொண்டே இருந்தது.