இரண்டு பேருக்கு ஒரு மேசை

சுடுதண்ணீர்க் குழாயை முழங்கையால் தள்ளித் திறந்துவிட்டு, சிங்க் அக்கா தொட்டியிலிருந்து தட்டுகளை அள்ளினாள். மேல்மாடி உணவகத்திலிருந்து சாமான் லிஃப்ட் இறங்கிக்கொண்டே இருந்தது. தங்க விளிம்பு வைத்த தட்டுகள் மெஷினில் போகக் கூடாது, விளிம்பு மங்கிவிடுமாம். கை மங்கினால் பரவாயில்லை போலிருக்கிறது. பதினாலு வருடமாக அவள் கைதான் அவற்றைக் கழுவுகிறது. விரல் நுனிகளில் ரேகையே இல்லை. வருகையைப் பதியும் கருவி அவள் விரலை ஒத்துக்கொள்ளாமல் தினமும் மூன்று தடவை கத்தும்.

அவளுக்குச் சம்பளச் சீட்டில் ஒரு பெயர் இருந்தது. அந்த ஓட்டலில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. சிங்க் பக்கத்திலேயே நிற்பதால் சிங்க் அக்கா. பக்கத்துத் தொட்டியில் கழுவுகிறவளுக்கு வாயாடி என்று பெயர். அதற்கு விளக்கம் தேவையில்லை.

"யக்கா, உனக்குக் கடுதாசி! ஆபீஸ்லேர்ந்து!" என்று வாயாடிதான் கவரை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். "என்ன தப்பு பண்ணித் தொலைச்ச?"

ஈரக் கையைத் துடைக்கக்கூடப் பொறுமையில்லாமல் சிங்க் அக்கா பிரித்தாள். பத்து வருடத்துக்கு மேல் உழைத்தவர்களைப் பாராட்டி நிர்வாகம் தரும் பரிசு. இரண்டு பேர் ஒரு இரவு தங்கலாம். ஏரியைப் பார்த்த அறை. மேல்மாடி உணவகத்தில் ஐந்து வகை இரவு விருந்து. மறுநாள் காலை ஊரைச் சுற்றிப் பார்க்க வேன். கீழே மேலாளரின் கையெழுத்து. மூன்று தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து கலங்கியது, தண்ணீர் பட்டுத்தான்.

அன்று சாயங்காலமே ஆபீஸுக்குப் போய், நாளைத் தானே சொல்லலாமா என்று கேட்டாள். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி அவர்களுடைய கல்யாண நாள். இருபத்தைந்தாவது. அது எப்போதும் கூட்டம் குவிகிற மாதத்தில் வந்து தொலையும். ஓட்டலில் சேர்ந்த பிறகு ஒரு வருடம்கூட அந்த நாளில் அவளுக்கோ அவள் புருஷனுக்கோ லீவு கிடைத்ததில்லை. கிளார்க் தலையைத் தூக்காமல் தேதியைக் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டான்.

புருஷனும் அதே ஓட்டலில்தான் இருந்தார். விருந்தாளிகளைச் சுற்றிக் காட்டும் வேனை ஓட்டுகிறவர். கடிதத்தைப் பார்த்ததும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிட்ட கையோடு காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் படம் போட ஆரம்பித்துவிட்டார்.

"அடியே, இங்க பாரு. முதல்ல காட்சிமுனை. ஏழு மணிக்குள்ள போயிடணும். எட்டாச்சுன்னா பனி வந்து மூடிக்கும், வெறும் வெள்ளையத்தான் பாக்கணும். அப்புறம் கோட்டை. உள்ள படிக்கட்டு வெச்ச கிணறு ஒண்ணு இருக்காம்."

"இருக்காமா? இருபது வருஷமா ஆளுங்களக் கூட்டிட்டுப் போறீங்க, பாத்ததில்லையா?"

"நான் எங்க பாத்தேன்? வண்டிய விட்டு நகந்தா போன் மேல போன். கோட்டைன்னா எனக்கு வண்டி நிறுத்துற இடம்தான். அங்க ஒரு தகரக் கடை இருக்கு, டீ நல்லாருக்கும். வேணா அத சுத்திக் காட்டறேன்."

அவள் சிரித்துவிட்டாள். "அப்ப அன்னிக்கு வண்டி யாரு ஓட்டுவா?"

"இன்னொரு டிரைவர் இருக்கான்ல? நான் பின் சீட்டுல கால நீட்டி உக்காந்துகிட்டு, 'தம்பி, வளைவுல பாத்துப் போப்பா'ம்பேன். அவன் வயிறெரியணும்."

மகள் உள்ளேயிருந்து ஒரு கத்தியும் முள்கரண்டியும் எடுத்துவந்தாள். "அம்மா, இப்படி வா. முள்கரண்டி இடது கை. ஒரு தடவ பழகிக்க. அங்க போய்த் திருதிருன்னு முழிக்காத."

"போடி அந்தப் பக்கம். எனக்கே சொல்லித் தர்றியா? ஒரு நாளைக்கு முந்நூறு தட்டு என் கையில விழுது. பெரிய மனுஷங்க எப்படி வைப்பாங்கன்னு எனக்குத் தெரியாது? ரெண்டையும் ஒட்டினாப்பல, நேரா, பக்கத்துல பக்கத்துல வைக்கணும். குறுக்க நெடுக்கப் போட்டா அநாகரிகம்."

மகள் கத்தியையும் முள்கரண்டியையும் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். அம்மாவுக்கு அதில் அனுபவம் இருந்தது. மறுத்துப் பேச அவளுக்கு என்ன தெரியும்?

பன்னிரண்டாம் தேதி வந்தது. மகள் இஸ்திரி போட்டுத் தந்த கருநீல உடையில் சிங்க் அக்கா ஓட்டலின் பின்கேட்டுக்கே நடந்தாள். புருஷன் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "இன்னிக்கு முன்வாசல்டி." முன்வாசலில் கதவு திறக்கிற ஆள் அவர்களை அடையாளம் கண்டு ஒரு கணம் திகைத்துவிட்டு, பல்லெல்லாம் தெரியக் கதவைத் திறந்தான்.

ஏரியைப் பார்த்த அறைகள் எல்லாம் போய்விட்டதாக வரவேற்பில் சொன்னார்கள். திடீரென்று ஒரு குழு வந்துவிட்டதாம். கீழ்த்தளத்தில் கடைசி அறை கொடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சலவை மெஷின் ஓடியது. கட்டில் மெல்ல அதிர்ந்தது.

"ஏரி எங்கடி?" என்றார் புருஷன், ஜன்னல் திரையை விலக்கி. வெளியே துவைத்த விரிப்புகள் தொங்கின.

"விடுங்க. தூங்கத்தானே போறோம். சாப்பாடும் சுத்திப் பாக்குறதும்தான் முக்கியம்" என்றாள். சொல்லும்போதே சுருக்கென்றது.

ஆறரை மணிக்கு மேல்மாடி. நான்காம் எண் மேசை, கண்ணாடி ஓரம். ஏரி அங்கேதான் இருந்தது. இவள் கழுவிய தட்டுகள் வெள்ளை விரிப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒரு விரல் ரேகைகூட இல்லாமல் அவை மின்னியதைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

அப்போதுதான் கேமராவும் குடைவிளக்குமாக இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் மேலாளர். "வாழ்த்துகள்ம்மா! வாழ்த்துகள் சார்!" இருபது வருடத்தில் வேன்காரரை அவர் சார் என்றது அதுதான் முதல் தடவை. "சின்னதா சில படம். நம்ம விளம்பரத்துக்கு. அஞ்சு நிமிஷம்."

படம் அழகாக இருக்க வேண்டுமென்று ஐந்து வகையையும் ஒரே சமயத்தில் கொண்டுவந்து பரப்பினார்கள். சூப், காய்கறி, மீன், இறைச்சி, கிண்ணத்தில் இனிப்பு. ஆவி பறந்தது. "தொடாதீங்க, இன்னும் தொடாதீங்க" என்றாள் கேமராக்காரனின் உதவியாள். இறைச்சி பளபளக்கவேண்டும் என்று ஒரு தூரிகையால் எண்ணெய் தடவினாள். சிரிக்கச் சொன்னார்கள். ஒருவருக்கொருவர் ஊட்டிவிடச் சொன்னார்கள். வேன்காரர் கரண்டியை மனைவியின் உதட்டருகே நீட்டினார். "வாயத் திறங்க, ஆனா சாப்பிடாதீங்க!" இன்னொரு தடவை. விளக்கை மாற்றி இன்னொரு தடவை. அஞ்சு நிமிஷம் நாற்பது நிமிஷமாயிற்று. சூப்பின் மேல் ஆடை படிந்தது. மத்தியானம் வேண்டுமென்றே சாப்பிடாமல் வந்திருந்தார்கள் இரண்டு பேரும். அவர் வயிறு கேட்கும்படியாகவே கத்தியது.

"முடிஞ்சது. இனி நீங்க சாப்பிடலாம்."

சிங்க் அக்கா மீனில் ஒரு துண்டு வெட்டி வாயில் வைத்தாள். ஆறிப்போயிருந்தது. ஆனாலும் என்ன ருசி! இதையா இத்தனை வருடம் தொட்டியில் சுரண்டிக் கொட்டினோம் என்று நினைத்தாள். அவசரப்படக் கூடாது. கத்தியையும் முள்கரண்டியையும் தட்டின் மேல் ஒட்டினாற்போல நேராக வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். அவள் செய்வதையே பார்த்துச் செய்துகொண்டிருந்த புருஷனும் அப்படியே வைத்தார்.

பக்கவாட்டிலிருந்து கைகள் நீண்டன. பரிமாறுகிறவன் இரண்டு தட்டையும் தூக்கினான். இன்னொருவன் சூப்பை, இறைச்சியை, இனிப்பை. கண்ணை மூடித் திறப்பதற்குள் வெறும் விரிப்பு.

"சூடாக்கித் தருவாங்கபோல" என்றார் புருஷன்.

காத்திருந்தார்கள். ஏரியின் மேல் விளக்குகள் எரிந்தன. அடுத்த மேசைகளுக்கு ஆட்கள் வந்து உட்கார்ந்தார்கள். இவர்கள் மேசைக்கு வந்தவர் மேலாளர்தான்.

"எப்படிம்மா சாப்பாடு?"

"எங்க சார் சாப்பிட்டோம்? ஒரு வாய் வெச்சோம். எடுத்துட்டுப் போயிட்டாங்க."

மேலாளர் திரும்பிப் பார்த்தார். பரிமாறுகிறவர்களை மேய்க்கும் கேப்டன் ஓடிவந்தான். "கத்தியையும் முள்கரண்டியையும் சேத்து வெச்சுட்டாங்க சார். முடிச்சாச்சுன்னுதானே அர்த்தம்? அதான் எடுத்தோம்."

மேலாளர் சிரித்தார். நல்ல மனிதர், சத்தம் வராமல் சிரித்தார். "என்னம்மா, பதினாலு வருஷமா இங்கதான் இருக்கீங்க. இதுகூடத் தெரியாதா?"

அவளுக்குக் கழுத்திலிருந்து காதுவரை கொதித்தது. "எப்படி சார் தெரியும்? எங்கிட்ட வர்றதெல்லாம் தின்னு முடிச்ச தட்டுதானே சார்."

மேலாளர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. "சரி சரி. ஏழரைக்கு இந்த மேசை புக் ஆயிருக்கு. ஸ்டாஃப் மெஸ்ல சொல்லிடறேன், சூடா ஏதாவது போடுவாங்க. அப்புறம், உங்ககிட்ட ஒண்ணுப்பா" என்று வேன்காரர் பக்கம் திரும்பினார். சார் போய்விட்டது. "காலையில அந்தக் குழுவ சுத்திக் காட்டணும். இன்னொரு டிரைவர் லீவு. நீங்களே எடுத்துடுங்க. அம்மா முன் சீட்ல உக்காரட்டும். சுத்திப் பாத்த மாதிரியும் ஆச்சு."

ஒரு தாளை மேசையில் வைத்துப் பேனாவையும் வைத்தார். பரிசை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன் என்று அச்சடித்திருந்தது.

வேன்காரர் பேனாவை எடுத்தார். பழக்கம், எது நீட்டினாலும் கையெழுத்துப் போடும் கை. மனைவி அதைப் பிடுங்கி மேசையில் வைத்தாள். எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு நடந்தாள்.

"எங்கடி போற? மெஸ்ஸு அந்தப் பக்கம்."

"என் சாப்பாடு எங்க போச்சோ அங்க போறேன்."

ஊழியர் படிக்கட்டில் இறங்கினாள். கழுவுமிடத்தில் வாயாடி கையுறையோடு நின்றுகொண்டிருந்தாள். எதிரே இரும்பு மேசையில் அந்தத் தட்டுகளும் கிண்ணங்களும் வரிசையாக இருந்தன.

"யக்கா! உன்னுதா இது? யாருடா இவ்வளவும் தொடாம அனுப்பினது, பணத்திமிருன்னு திட்டிக்கிட்டிருந்தேன்." குரல் இறங்கியது. "ஐயோ, என்னக்கா ஆச்சு?"

சிங்க் அக்கா மீன் தட்டை எடுத்தாள். வாயாடி பதறி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கண் மேலே போயிற்று. குப்பைத் தொட்டிக்கு நேர் மேலே கண்காணிப்புக் கேமரா இருந்தது. போன வருடம், திரும்பி வந்த தட்டிலிருந்து ஒரு இறைச்சித் துண்டை வாயில் போட்ட ஆளை அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். விருந்தினர் மிச்சத்தை உண்பது திருட்டு என்று சுவரில் ஒட்டியும் இருந்தது.

"வேண்டாம்க்கா. வேலை போயிடும்."

"கைய எடுடி."

நின்றபடியே, கையால் மீனைப் பிட்டு வாயில் போட்டாள். மென்றாள். மறுபடி பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அதைத் துடைக்கவில்லை, கேமராவைப் பார்த்தே மென்றாள்.

படிக்கட்டின் அடியில் நின்ற வேன்காரர் மனைவியையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேர் வேலையும் போயிடும்டி" என்றார். பிறகு என்ன தோன்றிற்றோ, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து இறைச்சித் தட்டை இழுத்தார். "காலையில வேன் நான்தான் எடுக்கணுமாம். என்னைத் தூக்கிட்டு எவன வெச்சு ஓட்டுறானுங்கன்னு பாக்குறேன். எண்ணெய்ல முக்கி வெச்சிருக்கானுங்க, தூ. அந்த இனிப்ப இப்படி தள்ளு."

பத்து நிமிடத்தில் காவலாளி வந்தான், கக்கத்தில் பதிவேட்டோடு. வயதில் இளையவன், தினமும் இவள் பையைச் சோதித்து அனுப்புகிறவன். இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தான்.

"மேல மானிட்டர்ல பாத்துட்டாங்கக்கா. எழுதிக் கொண்டாரச் சொல்றாங்க. நான் என்னக்கா பண்ண?"

"எழுது தம்பி. நல்லா எழுது."

பதிவேட்டை இரும்பு மேசையில் தட்டுகளுக்கு நடுவே விரித்தான். பெயரைக் கேட்டான், அவள் சம்பளச் சீட்டில் உள்ளதைச் சொன்னாள். நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பார்த்து எழுதினான். பிறகு எழுதிக்கொண்டே வாய்க்குள் சொன்னான்: "விருந்தினரின் மிச்சத்தை உண்டது."

"எந்த விருந்தாளி?" என்றாள் சிங்க் அக்கா.

"என்னக்கா?"

"மிச்சம்னு எழுதறியே, யாரு வெச்ச மிச்சம்? அதையும் எழுது. நாலாம் நம்பர் மேசை. ரெண்டு பேரு. இருபத்தஞ்சாவது கல்யாண நாள். எழுது!"

காவலாளி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பதிவேட்டைப் பார்த்தான். பெயர், பிரிவு, நேரம், குற்றம், கையெழுத்து. அவ்வளவு கட்டங்கள்தான் இருந்தன.