பேர் எழுதாத சாமான்கள்

சிட்டு என்று கூப்பிட்டால் ஆள் சிட்டாக இருக்க வேண்டுமா என்ன? ஐம்பத்திரண்டு வயது, நல்ல கட்டுமஸ்தான உடம்பு, தெருமுனையில் நின்று ஓர் அதட்டல் போட்டால் லாரியே ஓரம் கட்டும். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கிற இரண்டாவது பிரேக்கின் மேல் பாதத்தை வைத்துக்கொண்டு, இருபத்தாறு வருடமாக ஊரில் பாதிப் பேரைக் கரை சேர்த்திருக்கிறாள். சிட்டு என்பது அப்பா வைத்த செல்லப்பெயர். ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அவள் இரண்டு மணிக்குத்தான் வீடு திரும்ப வேண்டும். கடைசியாக வர வேண்டிய மாணவிக்குக் காய்ச்சல் என்று போன் வந்தது. அதனால் பதினோரு மணிக்கே வண்டியைத் திருப்பிவிட்டாள். தெருவுக்குள் நுழைந்ததும் நடைபாதையில் ஒரு கட்டிலும் பீரோவும் நிற்பது தெரிந்தது. யாரோ வீடு மாறுகிறார்கள் போல, பாவம், இந்த வெயிலில் என்று பரிதாபம்கூடப் பட்டாள். கிட்டே வந்த பிறகுதான் அது தன்னுடைய கட்டில் என்று தெரிந்தது.

பீரோவும் அவளுடையதுதான். அதன் பக்கத்தில் குக்கர், இஸ்திரிப் பெட்டி, மழைக் கோட்டு, மேசை விசிறி, ஆறு கறுப்புப் பைகள். ஒரு பையின் வாய் திறந்து கிடந்தது. அதற்குள் அவளுடைய பல் தேய்க்கிற பிரஷ், இன்று காலையில் தேய்த்தது, இன்னும் ஈரம் காயவில்லை. பழைய சாமான் எடுக்கிற வண்டி ஒன்று பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது.

அண்ணனும் தங்கையும் வீட்டை ஒழித்துச் சுத்தம் பண்ண வருவதாக முன்பே சொல்லியிருந்தார்கள். சிட்டுவும் தலையாட்டியிருந்தாள். அம்மா போய் எட்டு மாதமாகிறது, எப்போதாவது செய்ய வேண்டிய வேலைதானே. போகிற போக்கில் பின் அறையையும் காலி பண்ணிவிடுவார்கள் என்று ஒரு நப்பாசை. அது ஒரு காலத்தில் சிட்டுவின் அறை. இப்போது தரையிலிருந்து கூரைவரை பெட்டிகள்.

அந்தப் பெட்டிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா ஒரு கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். எதைப் பார்த்தாலும் கட்டி, அடுக்கி, பேர் எழுதாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அண்ணன் படிக்கப் போனபோது அவனுடைய சாமான்களையெல்லாம் பெட்டியில் போட்டு, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி மூன்று பக்கமும் கறுப்பு மையில் ‘பெரியவன்’ என்று எழுதினார். தங்கை கல்யாணமாகிப் போனபோது ‘குட்டி’ என்று எழுதினார். பெரியவனுக்குப் பதினாலு பெட்டி, குட்டிக்கு ஒன்பது. சிட்டு எங்கேயும் போகவில்லை. போகாதவளுக்கு எதற்குப் பெட்டி? அப்பாவும் போய்ச் சேர்ந்து பதினைந்து வருடமாயிற்று. பெட்டிகள் மட்டும் போகவில்லை. அம்மா படுத்த படுக்கையான ஐந்து வருடமும் சிட்டு அம்மாவின் அறையிலேயே ஒரு ஓரமாகக் கட்டிலைப் போட்டுத் தூங்கினாள்.

அண்ணன் வாசலுக்கு வந்தான். தொழிற்சாலையில் சரக்கின் தரம் பார்க்கிற அதிகாரி அவன். கையில் அட்டையும் பேனாவும் இல்லாமல் அவனைப் பார்க்க முடியாது.

“வந்துட்டியா? ரெண்டு மணி ஆகும்னுல்ல சொன்ன?”

“அதுக்குள்ள முடிச்சிடலாம்னு பாத்தீங்களா?”

அண்ணன் அட்டையைப் பார்த்தான். அவனுக்குப் பின்னாலிருந்து குட்டி எட்டிப் பார்த்தாள். நாற்பத்துநாலு வயதில் குட்டி. பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் வேலை, எட்டு வயதில் இரட்டைப் பையன்கள். வீட்டைச் சுத்தமாக வைப்பது எப்படி என்று போனில் வீடியோ பார்த்துப் பார்த்தே அரை ஞானி ஆனவள்.

“அக்கா, நான் சொன்னது வேற. ஒரு வருஷமா கை படாதத எல்லாம் வெளிய போடணும்னுதான் சொன்னேன். அண்ணாதான் கேக்கல.”

“எது கை பட்டுச்சு, எது படலன்னு நமக்கு எப்படித் தெரியும்?” என்றான் அண்ணன். “அதான் அப்பா ரூலையே வெச்சுட்டோம். பேர் எழுதினது அவங்கவங்களுக்கு. பேர் இல்லாதது வெளிய. நாங்களா எதையும் பொறுக்கி எடுக்கல சிட்டு. அப்புறம் சண்டை வரக் கூடாதுல்ல?”

எவ்வளவு நியாயம் பாருங்கள். தராசு பிடித்த மாதிரி நியாயம். வீட்டில் இத்தனை வருடமும் சமைத்தது, துவைத்தது, படுத்தது, உட்கார்ந்தது எதிலும் பேர் இல்லை. தினமும் புழங்குகிற பாத்திரத்தில் எவளாவது பேர் எழுதி வைப்பாளா? அதனால் புழங்குகிற சாமான் அத்தனையும் தெருவில். வருடக்கணக்காக யாரும் தொடாத இருபத்துமூன்று பெட்டியும் உள்ளே பத்திரமாக.

“சரி. அந்தப் பெட்டிங்கள எங்க எடுத்துட்டுப் போறீங்க?”

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குட்டிதான் வாயைத் திறந்தாள்.

“அது பின்னாடி ரூம்லயே இருக்கட்டும்க்கா. அத மட்டும் பூட்டிட்டு, மீதி வீட்ட வாடகைக்கு விடலாம்னு. நாலு மணிக்கு ஒரு புருஷன் பொண்டாட்டி பாக்க வராங்க. ரொம்ப நல்ல மாதிரி.”

“நான்?”

“நீ என்கூட வந்துடு. எங்க வீட்ல உனக்கு ரூம் இருக்கு. பசங்களும் ஸ்கூல் விட்டு வந்தா தனியா இருக்காங்க. உனக்கும் பொழுது போகும்.”

“உன்ன இவ்ளோ பெரிய வீட்ல தனியா விட எங்களுக்கு மனசு கேக்கல” என்று அண்ணன் சேர்ந்துகொண்டான்.

சிட்டுவுக்கு வந்தது கோபம் மட்டுமில்லை, அவமானமும்தான். பெட்டிக்கு இந்த வீட்டில் இடம் இருக்கிறது, தனக்கு இல்லை. அம்மா மூன்று பேர் பேரிலும் எழுதி வைத்துவிட்டுப் போன வீடு. அதில் ஒருத்தியை மட்டும் எழுந்து போகச் சொல்கிறார்கள், அதையும் கேட்கக்கூட இல்லை. அழுகை வந்தது. வந்தால் வரட்டும் என்று துடைக்காமலே பேசினாள்.

“அஞ்சு வருஷம் அம்மாவப் புரட்டிப் போட்டு, துடைச்சு, ஊட்டி, ராத்திரி எல்லாம் முழிச்சேன். அப்ப நான் தனியாத்தான இருந்தேன்? அப்ப எங்க போச்சு இந்த மனசு?”

வண்டிக்காரர் இருமினார். பாவம் மனுஷன், குடும்பச் சண்டையில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

“அம்மா, ஏத்தணுமா, இறக்கணுமா, ஏதோ ஒண்ணு சொல்லுங்க. வெயில் ஏறுது.”

“கொஞ்சம் இருங்க. ரூல்னு ஒண்ணு இருக்காம். அதுபடியே செஞ்சிடுவோம்.”

காரின் டிக்கியைத் திறந்தாள். எல் போர்டு வெளுத்துப்போனால் திரும்ப எழுதுவதற்கு ஒரு சிவப்புப் பெயிண்ட் டப்பாவும் பிரஷ்ஷும் எப்போதும் அதில் கிடக்கும். மூடியை நெம்பித் திறந்து, நேராகப் பீரோவிடம் போய் அதன் நெற்றியில் ‘சிட்டு’ என்று எழுதினாள். கட்டில் காலில் எழுதினாள். குக்கர் மூடியில், விசிறியின் வட்டத்தில், இஸ்திரிப் பெட்டியின் கைப்பிடியில் எழுதினாள். பல் தேய்க்கிற பிரஷ்ஷில் எழுத இடமில்லாததால் ஒரு புள்ளி வைத்தாள்.

“சிட்டு, என்ன சின்னப் பிள்ளையாட்டம்” என்றான் அண்ணன்.

“நீ அட்டையில எழுதிக்கோ. பேர் எழுதினது அவங்கவங்களுக்கு. நீ சொன்னதுதான்.”

டப்பாவோடு உள்ளே போனாள். அண்ணனும் குட்டியும் பின்னாலேயே ஓடினார்கள். கூடத்துக் கதவில் சிட்டு. சமையலறை மேடையின் விளிம்பில் சிட்டு. ஃபிரிட்ஜில் பெரிதாகச் சிட்டு. குளியலறை வாளியிலும், அம்மா படுத்திருந்த அறையின் சுவரிலும் சிட்டு. பெயிண்ட் வழிந்து முழங்கைவரை வந்துவிட்டது. குட்டி ஒரு துணியை எடுத்துக்கொண்டு துடைக்கப் பின்னாலேயே வந்தாள். அந்தத் துணியைப் பிடுங்கி அதன் மூலையிலும் ஒன்று எழுதினாள். பத்து நிமிடத்தில் அந்த வீட்டில் ஒரு கரண்டியைக்கூடப் பேர் இல்லாதது என்று யாரும் சொல்ல முடியாது.

பின் அறைக்கு வந்ததும் நின்றாள். பெட்டிகளைப் பார்த்தாள். அவற்றில் மட்டும் எழுதவில்லை.

“இதுல ஏற்கனவே பேர் இருக்கு” என்றாள். பிறகு வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். “வண்டிக்கார அண்ணே, உள்ள வாங்க. சிவப்புல எழுதினதெல்லாம் வீட்டுக்குள்ள. கறுப்புல எழுதினதெல்லாம் வண்டில.”

வண்டிக்காரருக்கு ஒரு வழியாக ஒரு முடிவு கிடைத்துவிட்டது. உதவியாளைக் கூட்டிக்கொண்டு வந்து மளமளவென்று தூக்க ஆரம்பித்தார். முதல் பெட்டி அறையைத் தாண்டுவதற்குள்ளேயே அடி பிய்ந்து கொட்டியது. நரம்பு அறுந்த பூப்பந்து மட்டை, பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டு, ஒற்றைக் காலுறைகள், உளுத்துப்போன ஒரு தொப்பி. தரம் பார்க்கிற அதிகாரியின் சரக்கு. அவன் குனிந்து மட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

“சிட்டு, சொன்னா கேளு. நான் இருக்கறது ஒன்பதாவது மாடி. இத எல்லாம் எங்க கொண்டு போவேன்?”

“அது உன் பாடு. வண்டி நிக்குது, எங்க வேணும்னாலும் கொண்டு போகச் சொல்லு. ஒரு வருஷமா கை படாதது வெளிய போகணும்னு குட்டி சொல்றா. பேர் இருக்கறது அவங்கவங்களுக்குன்னு நீ சொல்ற. எந்த ரூல்படி பாத்தாலும் இது இங்க இருக்க வேண்டியது இல்ல.”

குட்டி அழாத குறை. ஒன்பது பெட்டியும் வாசலில் வரிசையாக வந்து நின்றுவிட்டன.

“அக்கா, எங்க வீட்ல சத்தியமா இடம் இல்லக்கா. ஒரு பெட்டி வைக்கக்கூட இடம் கிடையாது.”

சிட்டு பிரஷ்ஷைக் கீழே வைத்தாள்.

“அப்ப என்னை எங்க வைக்கறதா இருந்த?”

குட்டியின் முகத்தில் ஈ ஆடவில்லை. “பசங்க ரூம்ல ஒரு மடக்குக் கட்டில் போடலாம்னு” என்றாள். அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. கெட்டவள் இல்லை அவள். யோசிக்காதவள். யோசிக்காமலே நாற்பத்துநாலு வருடம் ஓட்டியாகிவிட்டது, அவளுக்காக யோசிக்க வீட்டில் ஒரு அக்கா இருந்ததால்.

“நான் உன் வீட்டுக்கு வருவேன்” என்றாள் சிட்டு. “ஞாயித்துக்கிழமை வருவேன், சாப்பிடுவேன், பசங்களோட விளையாடுவேன். சாயங்காலம் என் வீட்டுக்குத் திரும்பி வந்துடுவேன். மடக்குக் கட்டிலும் வேணாம், ஒண்ணும் வேணாம். புரிஞ்சுதா?”

குட்டி தலையாட்டினாள். பிறகு யாரும் சொல்லாமலே போய்க் கறுப்புப் பைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். கட்டிலின் ஒரு தலையை அண்ணன் பிடித்தான், மறு தலையைச் சிட்டு பிடித்தாள். அம்மா அறைக்குத் திரும்பப் போன அண்ணனை நிறுத்தி, “அங்க இல்ல, பின்னாடி ரூம்” என்றாள். பதினாலும் ஒன்பதும் வண்டி ஏறிப் போன அந்த அறை இவ்வளவு பெரியதா என்று மூன்று பேருக்கும் ஆச்சரியம். ஜன்னல் ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. கட்டிலை ஜன்னலுக்குக் கீழே போட்டார்கள்.

நாலு மணிக்குச் சொல்லி வைத்தாற்போல் அவர்கள் வந்துவிட்டார்கள். கணவன் கையில் அளவெடுக்கிற டேப், மனைவி கையில் சின்ன நோட்டு. நிஜமாகவே நல்ல மாதிரிதான். கதவில் சிவப்பாக வழிந்திருந்த எழுத்தைப் பார்த்து அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

“போர்ஷன் காலின்னு சொன்னாங்களே. உள்ள வந்து பாக்கலாமா?”

அண்ணன் சிட்டுவைப் பார்த்தான். சிட்டு கேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். முழங்கைவரை பெயிண்ட் காய்ந்திருந்தது. பேசு என்று அவன் கண்ணால் கெஞ்சியது தெரிந்தது. அவனுக்காக எத்தனையோ பேரிடம் பேசியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரிடம், அப்பாவிடம், பிறகு அம்மாவிடம், அவன் ஏன் இந்த வாரமும் வரவில்லை என்று.

“நீ கூப்பிட்ட ஆளுங்க” என்றாள். “நீயே சொல்லு.”

அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டான். அட்டையைப் பார்த்தான். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“மன்னிச்சுக்கோங்க. வீடு காலி இல்ல. இங்க என் தங்கச்சி இருக்கா.”

வாய்க்குள்ளேயே முனகினால் யாருக்குக் கேட்கும்? அந்தக் கணவன் காதை முன்னால் கொண்டுவந்து, “என்ன சார்?” என்றான்.

“அவருக்குக் கேக்கல” என்றாள் சிட்டு. “இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு.”