பக்கத்தில் ஆள் தேவைப்படும் எஞ்சின்

புது பிக்கப் வண்டியில் பக்கத்து சீட் தனியாக வராது. எந்த எஞ்சினை எடுக்கிறோமோ அதைப் பொறுத்துத்தான் சீட் உண்டா இல்லையா என்று முடிவாகும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஷோரூம் வாசலிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள்.

வண்டி என் மனைவி தமயந்தியின் பெயரில் பதிவாகிறது. சத்தியமங்கலம் பக்கம் நாற்றுப் பண்ணை ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறாள். வாரத்தில் ஆறு நாள் இனி அங்கேதான். காலையில் இட்லி வைக்கும்போது, "வண்டி வந்ததும் நான் கெளம்பறனுங்க" என்றாள். நாம் என்று சொல்லவில்லை. மறுபடி சொல்கிறாளா என்று பார்க்க இரண்டாம் முறை சட்னி கேட்டேன். சட்னி மட்டும்தான் வந்தது.

இருபத்திரண்டு வருஷமாக அவள் ஓட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். மெதுவா போ, முன்னால லாரி, பிரேக்கை மிதி, அவனுக்கு வழி விடாதே. ஒரு நாய்கூட என் கண்ணுக்குத் தப்பியதில்லை. வண்டி ஓட்டுவதில் பாதி வேலை அதுதான். யார் இல்லையென்று சொன்னாலும் நான் சண்டைக்கு வருவேன். எனக்கு அந்த சீட் வேண்டும். அது இல்லையென்றால் எங்கே போய் உட்காருவது? வீட்டில் ஆறு நாற்காலி இருக்கிறது. ஒன்றும் நகராது.

விற்பனையாளர் பெயர் குழந்தைவேலு. நெடுநெடுவென்று வளர்ந்த ஆள். எங்களைப் பெட்ரோல் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே எஞ்சின்கள் டோக்கனோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தன. ஓரமாக இருந்த ஒன்று தினசரிப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டது.

"இதுங்கக்கா நாலு சிலிண்டர் டர்போ. கியர் தானா மாறிக்கும். பின்னால ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கும். ஒருத்தரே பார்த்துக்கலாமுங்க."

"பக்கத்து சீட்டு?" என்றேன்.

"கெடையாதுங்க. அந்த எடத்துல நாத்துத் தட்டு பதினாறு வெக்கலாம்."

"இதே போதும்" என்றாள் தமயந்தி.

"அட, இதென்ன தையல் மெஷினாட்டம் இருக்குது" என்றேன். எஞ்சின் பேப்பரை நான்காக மடித்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டது.

"பாவம் அது. அப்படிப் பேசாதீங்க மாமா" என்று தமயந்தி அதன் பின்னாலேயே இரண்டு அடி போய்ச் சமாதானம் சொன்னாள். அந்த நேரத்தில் நான் குழந்தைவேலுவை ஓரமாக இழுத்தேன்.

"பக்கத்துல ஆள் உக்காந்தே ஆவோணுங்கற எஞ்சின் ஏதாவது இருக்குதுங்களா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "எட்டு சிலிண்டருங்க. எழுநூறு ஹெச்.பி. கைக்கியரு. நாலு சக்கரமும் இழுக்கும். அதோட கியர் லீவர் ரொம்ப கனம். ஒருத்தர் புடிச்சுக்கிட்டே வரோணும்."

எங்கள் கிணற்று மோட்டாரே ஐந்து ஹெச்.பி.தான். ஊருக்கே தண்ணீர் காட்டும் என்று பெருமை பேசியிருக்கிறேன். "அதைக் காட்டுங்க" என்றேன்.

அது டீசல் பிரிவைத் தாண்டி இருந்தது. நடைபாதை ஆரம்பத்தில் நாற்பது அடிதான். நடக்க நடக்க நீண்டது. பாதி வழியில் டெலிவரி கொட்டகைக்குப் போகும் ஒரு டவுன் பஸ் வந்தது. ஒரே ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்தது. தமயந்தி ஏறிக்கொண்டாள். கண்டக்டர் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். நானும் குழந்தைவேலுவும் நடந்தே போனோம்.

எட்டு சிலிண்டருக்குத் தனி அறை. செருப்பை வாசலில் விடச் சொன்னார்கள். அது ஒருமுறை மூச்சு விட்டது. அந்தக் காற்றில் சுவரில் இருந்த காலண்டர் ஆடியிலிருந்து ஐப்பசிக்குப் போய்விட்டது.

"நூறு வேகத்தைத் தொட எத்தனை நொடி?"

"மூணே முக்காலுங்க."

"கொஞ்சம் கொறையாதா?"

"கொறைக்கலாமுங்க. நீங்க கேட்டதா ஃபாரத்துல எழுதிக்குவேன்."

"எழுதிக்குங்க."

நான்கு சக்கரத்துக்கும் அகலமான டயர் கேட்டேன். எழுதினார். மலை ஏற ஒரு தனி கியர் கேட்டேன். எழுதினார். சேற்றில் சக்கரம் வெட்டியாகச் சுற்றாமல் இருக்கப் பின் அச்சுக்கு ஒரு லாக் கேட்டேன். அதையும் எழுதினார். ஒவ்வொன்றை எழுதும்போதும் அவர் கொஞ்சம் குள்ளமானார். கடைசியில் என் இடுப்பளவில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். விற்பனை வேலை ஆளை அப்படித்தான் ஆக்கிவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

"சீட்டுக்கு ஒரு சான்று மட்டும் வேணுமுங்க" என்றார் கீழேயிருந்து. "இத்தனை நாளும் பக்கத்துல இருந்தீங்கன்னு."

சான்று தருவது ஏழாம் எண் ஜன்னல். உள்ளே ஓர் அம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"எத்தனை வருசம் இருந்தீங்க?"

"இருபத்திரண்டுங்க."

"என்ன பண்ணுனீங்க?"

"சொல்லிட்டு வந்தேனுங்க. மெதுவா போ, பிரேக்கை மிதின்னு."

"நீங்க சொன்ன பொறகு மிதிச்சாங்களா, அதுக்கு முன்னாடியே மிதிச்சாங்களா?"

"இதென்ன கேள்விங்க? நான் சொல்லாமயா ஒரு கீறல் இல்லாம வந்து சேர்ந்தோம்?"

"யோசிச்சு சொல்லுங்க. அவசரமில்ல."

யோசித்தேன். பெருந்துறை பைபாஸ். பல்லடம் முக்கு. திம்பம் மலையில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நான் வாயைத் திறக்கும்போது வண்டி ஏற்கெனவே மெதுவாகிக்கொண்டிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் ஒரு கட்டு கீரை முடியும்வரை காத்திருந்தார். பிறகு முத்திரை குத்திக் கொடுத்தார்.

சான்றில் என் பெயருக்கு எதிரே 'இருந்தார்' என்று மட்டும் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு டெலிவரி கொட்டகைக்கு ஓடினேன். தமயந்தி அங்கே கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள். அவள் வண்டி வெள்ளையாக, அடக்கமாக நின்றது. பேப்பர் படித்த எஞ்சின் அதற்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. பக்கத்து சீட் இருக்க வேண்டிய இடத்தில் தக்காளி நாற்று, கத்தரி நாற்று.

"தமயந்தி, எட்டு சிலிண்டருக்குச் சொல்லிட்டேன். நீ ஓட்டு. நான் லீவரைப் புடிச்சுக்கறேன். ஒண்ணுமே சொல்ல மாட்டேன். சத்தியமா வாயே தொறக்க மாட்டேன்."

என் குரல் கொட்டகைத் தகரத்தை அதிர வைத்தது. அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள். எங்கள் இருவருக்கும் ஒரே உயரம். கல்யாணப் போட்டோவிலேயே தெரியும்.

"அது எம்பட வண்டிக்கு வராதுங்க மாமா" என்றாள். "ஆரு கேட்டாங்களோ அவங்களுக்குத்தான் மாட்டுவாங்களாம். ஃபாரத்துல போட்டிருக்குது. படிக்கலீங்களா?"

ஃபாரத்தைப் பார்த்தேன். போட்டிருந்தது. குழந்தைவேலுவைப் பார்த்தேன். அவர் குள்ளமாகவே இல்லை. நான்தான் தரையிலிருந்து மூன்றடி மேலே இருந்தேன். எனக்குக் கீழே அகலமான நான்கு சக்கரங்கள் இருந்தன. கறுப்பு டயர், புது வாசனை.

"உங்குளுக்கு நல்லாத்தான் இருக்குது" என்றாள் தமயந்தி. கேலி இல்லை. என் பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். "ரொம்ப சூடா இருக்குதுங்க. தண்ணி குறையாம பார்த்துக்கங்க."

அப்புறம் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியைச் சரி செய்து கிளம்பினாள்.

கேட்டுக்கு வெளியே நெடுஞ்சாலை. வலப்பக்கம் ஒரு டேங்கர் லாரி பாய்ந்து வந்தது. நில்லு என்று கத்த வாயைத் திறந்தேன். எழுநூறு ஹெச்.பி.யும் சேர்ந்து உறுமியதில் என் சொல் எனக்கே கேட்கவில்லை. அவள் ஏற்கெனவே நின்றிருந்தாள். லாரியைப் போக விட்டாள். சாலை காலியானதும் நிதானமாகத் திரும்பிப் போனாள். அவ்வளவு நன்றாக ஓட்டுவாள் என்று எனக்குத் தெரியாது. நான் எப்போதும் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் அடுத்த குடும்பம் மாலையும் தேங்காயுமாகக் காத்திருந்தது. குழந்தைவேலு வந்து என் கதவை மெதுவாகத் தட்டினார்.

"அண்ணா, வழியை மறிச்சுட்டு நிக்கறீங்க. கொஞ்சம் எடுங்க."

எனக்குள் இரண்டு சீட்டும் காலியாக இருந்தன. பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஓட்டறதுக்கு ஆள் வரோணுமே" என்றேன்.

அவர் பட்டியலை எடுத்து, விரலை வைத்து மேலிருந்து கீழே வரை பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"அதை நீங்க கேக்கவே இல்லீங்களே" என்றார்.