மூன்றரைக்கு முன்

கட்டிலில் கிடத்தியிருந்த அப்பாவுக்குச் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுவிட்டு அவள் நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டரை.

"நாலு மணிக்கு எடுத்துடலாம்மா. உன் தம்பியும் மூன்றரைக்கு வந்துடுவான்" என்றார் சித்தப்பா.

அவள் அலமாரியிலிருந்து நீல அட்டை நோட்டை எடுத்தாள். விமான நிலைய வானிலை அறையில் முப்பது வருஷம் இடிக்குக் காது கொடுத்தவர் அப்பா. ஓய்வு பெற்றும் விடவில்லை. நாளுக்கு ஒரு வரி, முதல் இடி கேட்ட நேரம். அடைமழை மாதங்களில் எப்போதாவது. கோடை முற்றும் இந்த மாதத்தில் அநேகமாகத் தினமும், மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவே. 'காலையெல்லாம் வெயில் குடிச்ச தரை, சாயங்காலம் சும்மா இருக்காது' என்பார். நேற்றைய வரியை மட்டும் அவள் எழுதியிருந்தாள்: நாலு பத்து.

"நாலு வேண்டாம் சித்தப்பா. இடுகாடு மொட்டை மேடு. மின்னலுக்கு முதல்ல தெரியறது தூக்கிட்டுப் போறவங்க தலைதான். ரெண்டரைக்கு எடுத்துடலாம்."

"வானம் துடைச்சு வெச்ச மாதிரி இருக்கே."

"நேத்தும் இப்படித்தான் இருந்துச்சு."

"அப்போ ஆறுக்கு மேல?"

"ஆறுக்கு இடுகாட்டு கேட்டைப் பூட்டிடுவாங்க. நேத்து காலையிலயே போனவரு, இந்த வெயில்ல நாளைக்கு வரைக்கும் உடம்பு தாங்காது."

"போயும் நேரம் குறிச்சுக் குடுக்குறாரு அண்ணன்." சித்தப்பா சிரிக்கப் பார்த்து, முடியாமல் துண்டால் மூக்கைத் துடைத்தார். "தம்பிகிட்ட யார் சொல்றது?"

அவள்தான் சொன்னாள். போனில் பஸ் இரைச்சல்.

"ஒரே ஒரு மணி நேரம்க்கா. முகத்தைப் பாத்துக்கறேன்."

"தூக்கப்போறது பத்துப் பேருடா."

அவள் போனை வைத்துவிட்டு, தூக்குகிறவர்களை இரண்டரைக்கு வரச் சொன்னாள்.

மூன்றேகாலுக்கெல்லாம் மண் மூடியாகிவிட்டது.

தம்பி சொன்ன நேரத்துக்கு வந்தான். பையை இறக்காமல் காலிக் கட்டிலைப் பார்த்தான். பிறகு வாசலில் போய் அண்ணாந்து நின்றான். நாலு. நாலரை. உள்ளே அவளும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தூரத்திலாவது ஒரு தடவை உறுமாதா என்றிருந்தது. ஐந்தடித்தது. ஒரு மேகம் இல்லை.

"எங்கக்கா இடி?" என்றான் திரும்பாமல்.



ஆறு மணிக்கு உள்ளே வந்து நோட்டைப் புரட்டினான். மாதக் கடைசிவரை தேதிகளை அப்பா முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்.

"இடி இல்லாத நாள்ல என்ன எழுதுவார்?"

"ஒரு கோடு போடுவார்."

அப்பாவின் பேனாவை எடுத்து இன்றைய தேதிக்கு நேரே வைத்தான். கோடு கோணலாக இறங்கி, நாளைய வரியில் போய் நின்றது.

மை காயட்டும் என்று அவள் நோட்டைத் திறந்தபடியே விட்டாள்.