நீல டேப் ஒட்டாத சாமான்

என் வாயில் மிச்சமிருக்கும் இரண்டு பல்லின்மேல் ஆணை: இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அமெரிக்காவில், மின்னசோட்டாவில் ஆர்டெல் குனூட்சன் என்ற கிழவரின் வீட்டை விற்றாகிவிட்டது. சாமான்களையும் விற்றுத் தீர்க்க மகள் மார்லிஸ் வந்திறங்கினாள். அப்பாவை என்ன செய்வது என்பதை மட்டும் அவள் வாய்திறந்து சொல்லவில்லை. கிழவருக்கோ ஒரே ஆசை, மகளோடு போகவேண்டும்.

விலை போட கெர்டா என்ற அம்மாளைப் பிடித்தார்கள். கெர்டாவிடம் ஒரு விதி உண்டு. குடும்பத்துக்கு வேண்டிய சாமானில் மகள் தன் கையால் நீல டேப் ஒட்டவேண்டும். ஒட்டாதது எதுவானாலும் விற்பனைக்கு.

மார்லிஸ் இரும்பு வாணலிக்கு ஒட்டினாள். கிறிஸ்துமஸ் மரத்து நட்சத்திரத்துக்கு ஒட்டினாள். பழைய பொத்தான்கள் கிடந்த காப்பி டப்பாவுக்கும் ஒட்டினாள். சாய்வு நாற்காலியில் கிடந்த ஆர்டெல், சட்டையை நீவிவிட்டுக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தார்.

“எனக்கு ஒட்டலையேம்மா?”

“ஃபோன்ல இருக்கேன்ல, சும்மா இருங்கப்பா!”

கெர்டா அலமாரியிலிருந்து ஆரம்பித்தாள். “தங்கக்கரை போட்ட தட்டு... மொத்தமும் சேத்து ஆறு டாலர்.”

“அடிப்பாவி! என் பெண்டாட்டி ஒரு தட்டுக்கே அதைவிடக் கூடக் குடுத்தா!”

“அவங்க குடுத்தது அவங்களோட போச்சு பெரியவரே. வாசல்ல நிக்கிறவன் என்ன குடுப்பான்னுதான் நான் பாக்கணும். மெஷின்ல கழுவினா தங்கம் உதிர்ந்துடும். இப்ப யாரு கையால கழுவுறா?”

பியானோவைக் கண்டதும் உதட்டைப் பிதுக்கினாள். “இதைத் தூக்கிட்டுப் போறவனுக்கு நாமதான் காசு தரணும்.”

அடுத்து ஆர்டெல்லிடம் வந்தாள். தலை முதல் கால்வரை தேடினாள். டேப் இல்லை. மேலுதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாள். முழங்காலைத் தட்டிக் காது கொடுத்தாள்.

“மூட்டு மாத்தினதா?”

“ரெண்டும்.”

“பரவால்ல, ஜோடி கலையாம இருக்கு.”

நாற்காலி மட்டும் அறுபது, ஆளோடு சேர்த்து நாற்பது என்று எழுதி அவர் நெற்றியில் ஒட்டினாள்.

மறுநாள் விடியுமுன்பே வாசலில் டோக்கன் வாங்கிக்கொண்டு கூட்டம் நின்றது. பூந்தொட்டி பறந்தது, துடைப்பம் பறந்தது. ஒருவன் ஆர்டெல்லைச் சுற்றி வந்தான்.

“இதுக்குச் சோறு வேற போடணுமா?”

“கொஞ்சமாத்தான் திம்பார்,” என்றாள் கெர்டா.

“என் மாமனாரும் இப்படிச் சொல்லித்தான் வந்தாரு.” அவன் விளக்கை எடுத்துக்கொண்டு போனான்.

இரண்டாம் நாள் எல்லாம் பாதி விலை. இருபதுக்கும் கிழவரை யாரும் கேட்கவில்லை. கடையைக் கட்டும் நேரத்தில் மார்லிஸ் டேப் சுருளோடு வந்தாள். ஆர்டெல்லுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஒரு துண்டு போதும் கண்ணு. எங்க ஒட்டினாலும் சரி.”

மார்லிஸ் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள். “கொஞ்சம் எழுந்திரிங்கப்பா.”

டைட்டானியம் முழங்கால்கள் கிறீச்சிட எழுந்து, நெஞ்சை நிமிர்த்திக் காட்டினார். மகள் குனிந்து நாற்காலிக்கு ஒட்டினாள்.

“டீவி ரூமுக்கு அம்சமா இருக்கும்.”

விற்காத சாமான்களையெல்லாம் கெர்டா தெருவோரம் வைத்தாள். ‘இலவசம்’ என்று எழுதிய பலகையை நட்டு, அதன் பக்கத்தில் ஆர்டெல்லை நிறுத்தினாள். காலையில் பார்த்தால் பலகையை மட்டும் யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

சொல்ல மறந்துவிட்டேன்: ஆர்டெல் குனூட்சன் கல்யாணமே செய்துகொள்ளாதவர்; என் அந்த இரண்டு பல்லும் போன வருஷமே விழுந்தாயிற்று.