பொட்டு வைத்த பிளாப்பிகள்

விஜயதசமி அன்று காலை நல்ல நேரம் பார்த்து என் மனைவி நாகவல்லி கம்ப்யூட்டரைப் போட்டாள். கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று சத்தம். அதற்குமேல் ஒன்றும் அசையவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் புராஜெக்ட் ஒப்படைத்தாக வேண்டும். பகலில் வேலை, சாயங்காலம் கல்லூரி என்று அலைந்து படித்த படிப்பு அதில்தான் முடிகிறது. நூலகத்துக்கான ஒரு புரோகிராம். எங்கள் அம்பத்தூரில் ஏறி இறங்கும் கரண்டோடு மல்லுக்கட்டி மாதக்கணக்கில் எழுதியது. அது இல்லையென்றால் இந்த வருஷம் போச்சு, கிண்டியில் சொல்லி வைத்திருந்த வேலையும் போச்சு.

பாடியிலிருந்து என் பழைய கிளாஸ்மேட் தேவராஜ் வந்தான். கம்ப்யூட்டர் ரிப்பேர்தான் அவன் தொழில். பெட்டியைக் கழற்றிக் காதை வைத்துக் கேட்டான்.

"ஹார்டு டிஸ்க் புட்டுகிச்சி மச்சான். இதுலேர்ந்து ஒண்ணும் எடுக்க முடியாது. பேக்கப்பு எதுனா கீதா?"

"கீதுண்ணே" என்றாள் நாகவல்லி, அலட்டிக்கொள்ளாமல்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. தினமும் எழுதியதைப் பிளாப்பியில் ஏற்றிவிட்டுத்தான் படுப்பாள். ஒன்று போனால் இன்னொன்று என்று இரண்டிரண்டு பிரதி. இரண்டையும் ஒரே டப்பாவில்தான் வைத்திருந்தாள். அது தப்பு என்று எங்கள் வீட்டில் யாருக்குத் தோன்றும்?

டப்பாவைத் திறந்தாள். சந்தன வாசனை வந்தது.

என் மாமியார் வேம்புலியம்மாள் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. முந்தின நாள் ஆயுத பூஜைக்கு மானிட்டருக்கு மாலை போட்டார், மவுஸுக்குக் குங்குமம் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். ஒவ்வொரு பிளாப்பியின் தகரக் கதவையும் விரலால் நகர்த்தி, எழுதியதெல்லாம் பதிந்திருக்கும் உள்ளே தெரிந்த கறுப்புத் தகட்டில் சந்தனப் பொட்டு வைத்து, அதன் நடுவில் குங்குமமும் இட்டிருந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

"இன்னா அத்தே இது? உள்ள ஏன் வெச்சீங்க?"

"வெளிய வெச்சா ஆச்சா மாப்ளே? எங்க கம்பெனில லேத்து மிஷினுக்கே மூடியத் தொறந்து, வேலை நடக்குற எடத்துலதான் வெப்போம். புள்ள படிப்பு பூரா இதுக்குள்ளதான கீது!"

பாடியில் ஒரு கம்பெனியைக் கூட்டிப் பெருக்கியே மகளைப் படிக்க வைத்தவர் அவர். ஆனாலும் எனக்குத் திட்டு வாய்வரை வந்துவிட்டது. நாகவல்லி என்னைப் பார்த்த பார்வையில் விழுங்கிக்கொண்டேன்.

தேவராஜ் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் குங்குமம் தகட்டைக் கீறியது. போட்ட ஒவ்வொரு பிளாப்பிக்கும் டிரைவ் கரகரவென்று இரைந்து நின்றது. கடைசிப் பிளாப்பியும் படிக்கவில்லை. செத்த டிஸ்க்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே போய்விட்டான்.

மாமியார் காபியோடு வந்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று அவருக்கும் புரிந்திருந்தது.

"நான் வெச்ச பொட்டாலதான் கெட்டுப்போச்சா வல்லி?"

"இல்லம்மா. கரண்டு ஏறி எறங்கிச்சில்ல, அதான். அண்ணன் சரி பண்ணிட்டுப் போயிட்டாரு."

"எல்லாம் வந்துட்சா?"

"வந்துட்சிம்மா."

"பாத்தியா! சாமி கைவுடல." அவர் முகம் மலர்ந்தது. "நல்ல நாளு. கொஞ்சம் எழுதும்மா, நான் பாக்கறேன்."

மானிட்டரின் முதுகு அவர் பக்கம் இருந்தது. நாகவல்லி கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு தட்டத் தொடங்கினாள். திரை இருட்டாகத்தான் இருந்தது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. யாரைப் பார்த்துக் கத்துவது?

சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மாமியார் சமையலறைக்குப் போனார். சுண்டல் தாளிக்கும் வாசனை வந்த பிறகும் நாகவல்லி தட்டிக்கொண்டேதான் இருந்தாள்.