அமராவதிபுதூர் முகூர்த்த டேப்

நாயனப் பைத்தியம் ஒருவர் இருந்தாலே வீடு தாங்காது. செக்காலையில் பூமிநாதனின் மைக்செட் கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் கூடுவார்கள். கடைக்காரர் பூமிநாதன், பள்ளிக்கூட வாத்தியார் அருள்பிரகாசம், அமராவதிபுதூரில் கொஞ்சம் நிலம் வைத்து விவசாயம் பார்க்கும் சின்னக்கருப்பு. டீ ஆறிப்போய் ஆடை படியும் வரைக்கும் சண்டை நடக்கும்.

எல்லாச் சண்டையும் சிறுவயல் மாணிக்கம் நாயன செட்டைப் பற்றித்தான். மாணிக்கம் நேற்று வாசித்ததை இன்று வாசிக்கமாட்டார். அதே தோடிதான், ஆனால் எங்கே ஏறும், எந்த இடத்தில் இறங்கும் என்று அவருக்கே தெரியாது. மைக்செட் கட்டப் போன இடமெல்லாம் பூமிநாதன் அதை டேப்பில் பிடித்து வைத்திருந்தார். அவருக்கு நாட்டரசன்கோட்டைத் திருவிழாத் தோடிக்கு மேல் உலகத்தில் எதுவும் கிடையாது. வாத்தியாருக்குத் தேவகோட்டைக் காம்போதி. சின்னக்கருப்புக்கு, அறுபத்தெட்டு தையில் அமராவதிபுதூர்ப் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் வாசித்த முகூர்த்தத் தன்யாசி.

ஏன் என்று கேட்டால் ராகம், பிடி என்று என்னென்னவோ சொல்வார். உண்மைக் காரணம் மற்ற இருவருக்கும் தெரியும். தவில் உச்சிக்குப் போகும் இடத்தில், அத்தனை சத்தத்தையும் கிழித்துக்கொண்டு "பலே" என்று ஒரு குரல் விழும். அது சின்னக்கருப்பின் குரல். அந்த இடம் வரும்போது மனிதர் வெட்கப்பட்ட மாப்பிள்ளை மாதிரி தரையைப் பார்ப்பார். மற்ற இருவரும் கேலி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

ஒன்றை வைத்து மட்டும் அவர்கள் கேலி பண்ணியதில்லை. அதே கல்யாணத்தில்தான் அவர் மனைவி மலையம்மாள் செத்துப்போனாள். சமையல்கட்டு வேலைக்குப் போயிருந்தவளை, விறகு எடுக்கையில் நல்ல பாம்பு கடித்துவிட்டது. தாலி கட்டி முடிந்த பிறகுதான் அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். கடித்த மறுநிமிஷமே உயிர் போய்விட்டது, ஒரு சொல் பேசவில்லை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக நேரமே இல்லை என்றார்கள். பெரிய வீட்டுக்காரரே அவர் தோளைத் தொட்டுச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் சின்னக்கருப்பு இத்தனை வருஷம் நடமாடினார். மகள் உமையாள் அழும்போதெல்லாம், உன் ஆத்தா கஷ்டப்படவே இல்லை என்று அதைத்தான் சொல்லித் தேற்றினார்.

டேப்பை அவரால் கேட்க முடிந்ததும் அதனால்தான். அதற்குள் அவள் இன்னும் உயிரோடு இருந்தாள். முன்கட்டில் நாயனம் முழங்க, பின்கட்டில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வார்.

எழுபத்து நான்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் பெரிய சந்தோஷத்தோடு வந்தார். பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன் அவரிடம் படித்தவன். வீட்டை ஒழித்தபோது கிடைத்த கேசட்டுகளை அவருக்குக் கொடுத்திருந்தான். அந்தக் கல்யாணத்துக்குப் பினாங்கிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், பெண்கள் போடும் குலவையைப் பிடிக்க இரண்டாம் கட்டுத் தூணில் தன் டேப் பெட்டியைத் தொங்கவிட்டிருந்தாராம். அதில் ஒன்று அந்தத் தன்யாசி. வாத்தியார் இன்னும் கேட்கவில்லை. சின்னக்கருப்போடு சேர்ந்து கேட்க வேண்டும் என்று பொத்திப் பொத்திக் கொண்டுவந்திருந்தார்.

பூமிநாதன் போட்டுவிட்டு உடனே முகத்தைச் சுளித்தார். நாயனம் எங்கோ தூரத்தில் கேட்டது. பாத்திரச் சத்தமும் பிள்ளை அழுகையும்தான் முன்னால் நின்றன. மைக் வைத்துப் பிடித்தவனுக்கும் தூணில் தொங்கவிட்டவனுக்கும் வித்தியாசம் இல்லையா என்றார். வாத்தியார் விட்டுக்கொடுக்கவில்லை.

"உங்க டேப்புல நாயனம் மட்டுந்தான் இருக்கு. இதுல கல்யாண வீடே இருக்கு. எல்லாமே விழுந்திருக்கு, கேளுங்க."

சின்னக்கருப்பு இரண்டுக்கும் நடுவே சிரித்துக்கொண்டு இருந்தார். தன் பலே இதில் எப்படி விழுந்திருக்கும் என்பதிலேயே அவருக்குக் குறி.

திடீரென்று ஒரு பெண்ணின் அலறல். பாம்பு, பாம்பு என்று ஓடுகிற சத்தம். வாத்தியாரின் முகம் வெளுத்தது. பிறகு அந்தக் குரல் வந்தது. சின்னக்கருப்பு, சிரிப்பு அப்படியே நிற்க, பெட்டியை நோக்கிக் குனிந்தார்.

"உமையா அப்பாவக் கூப்பிடுங்க. முன்னாடிதான் இருப்பாக. நாயனத்துக்கிட்ட இருப்பாக."

வாசலில் கார் நிற்கிறதே, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று இன்னொரு பெண் கெஞ்சினாள். அதற்கு ஒரு ஆண் குரல் பதில் சொன்னது. தோளைத் தொட்டுச் சொன்ன அதே குரல்.

"முகூர்த்த நேரத்துல இவள வாசல் வழியாத் தூக்கிட்டுப் போகவா? தாலி ஏறட்டும். விறகு ரூம்புல விட்டுக் கதவச் சாத்து. ஒரு அழுகுரல் வெளிய கேக்கக் கூடாது. மேளத்த நிப்பாட்டாம அடிக்கச் சொல்லு."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தவில் எழுந்தது.

கெட்டிமேளம் தாலி ஏறும் நேரத்துக்கு மட்டும் உள்ளது. அபசகுனமாக எதுவும் காதில் விழாமல் இருக்கத்தான் அதை அடிப்பார்கள். அன்றைக்கு அது முகூர்த்தத்துக்கு வெகு முன்பே தொடங்கி ஓயாமல் போனதன் காரணத்தை மூவரும் ஆறு வருஷமாக அலசியிருக்கிறார்கள். தவில்காரருக்கு அன்று அருள் வந்தது என்பார் வாத்தியார். நாயனத்தோடு போட்டி என்பார் பூமிநாதன். சின்னக்கருப்புக்குக் காரணமே வேண்டியிருக்கவில்லை. அதைப்போல ஒன்றை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை.

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மலையம்மாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நாக்கு குழறத் தொடங்கியது. சொல் தெரியாமல் போய், இழுப்பு மட்டும் கேட்டது. அப்புறம் மறுபடியும் உமையா அப்பா என்றாள். தவில் ஏறிக்கொண்டே போனது. அடுத்து என்ன வரும் என்று மூவருக்கும் தெரியும். ஒவ்வொரு அடியும் மனப்பாடம். பூமிநாதன் பெட்டியை நிறுத்தக் கை நீட்டினார். சின்னக்கருப்பு அந்தக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

தூரத்திலிருந்து, சந்தோஷம் பொங்க, "பலே" என்றது அவர் குரல்.

விறகு அறைக்குள் முனகல் நின்றது.

"அந்தா, அவுக சத்தம்" என்றாள் மலையம்மாள். இதோ வந்துவிடுவார் என்கிற நிம்மதி அதில் இருந்தது.

அதன் பிறகு அவள் குரல் வரவில்லை. குலவை எழுந்தது, தாலி ஏறியது, கேசட் தீர்ந்து பெட்டி தானாக நின்றது. வாத்தியார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

சின்னக்கருப்பு துண்டை எடுத்துத் தோளில் போட்டார். வாசல்படி வரை போனவர், அங்கிருந்து திரும்பாமலே பேசினார்.

"நீங்க சொன்னதுதான் சரி, சார். இதுதான் நல்ல ரிக்கார்டு. இதுல எல்லாமே கேக்குது."